நோரீன் எழுதாமல் விட்ட பெயர்

அமெரிக்காவில் டக்கோமா நகரத்தில், கல்லூரிக்கு எதிரே இருக்கிற குறைந்த வாடகைக் குடியிருப்பில் பதினாறு வருடமாக மனுக்களைச் சரிபார்க்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். புருஷனைக் குளியலறையில் ஒளித்துவைத்துவிட்டு ‘நான் தனி ஆள்’ என்று சாதித்தவளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தன் குழந்தை என்று கூட்டிவந்து, அதன் பெயர் தெரியாமல் விழித்தவனையும் பார்த்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னையே ஏற இறங்கப் பார்த்துச் சந்தேகப்பட்டவள் நோரீன் ஹாஸ்கெட் ஒருத்திதான்.

பட்டாளத்தை விட்டு வந்து படிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் நடுவே விறைப்பாக உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். பாடம் எப்படியோ ஏறிவிடும், வீடுதான் கிடைக்காது. நோரீனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினொரு வருடம் ராணுவக் கிடங்கில் சார்ஜென்ட்டாக இருந்தவள், எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்திருந்தாள். கூடப் படிக்கிற ஒருத்தனின் கார் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள்.

செப்டம்பர் மழையில் நனைந்துகொண்டு வந்து மனு கேட்டாள். இருபத்தாறு பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவள் நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தாள்.

“உக்காந்து படிங்க மேடம்” என்றேன்.

“மேடம்லாம் வேண்டாம். சார்ஜென்ட்டுன்னு கூப்பிடுங்க, இல்ல பேரச் சொல்லுங்க. ஒம்பதாம் பக்கத்துல, முன்னாடி எங்க குடியிருந்தேன்னு கேட்டிருக்கு. பதினஞ்சுலயும் அதையே கேட்டிருக்கு. எதுக்கு ரெண்டு தடவ?”

“ரெண்டு பதிலும் ஒண்ணா இருக்கான்னு பாக்க.”

“அப்ப நம்பல.”

“யாரையும் நம்பறதில்ல. உங்கள மட்டும்னு நெனச்சுக்காதீங்க.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளையும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு, இருபத்தாறு தாள் பெற்றுக்கொண்டேன் என்று என்னிடமே கையெழுத்து வாங்கினாள். பதினாறு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

அவள் போனபின் மனுவைப் புரட்டினேன். குடியிருக்கப் போகிறவர்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், அவளுடையது. கேட்டிருந்ததோ இரண்டு படுக்கையறை. எனக்கு மூக்கு வேர்த்தது. ஓர் அறையில் தான் இருந்துகொண்டு மற்றதைக் கள்ள வாடகைக்கு விடுகிறவர்களை நான் நான்கு முறை பிடித்திருக்கிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. அரசாங்கச் சலுகையில் கட்டிய இந்த மாதிரிக் குடியிருப்பில், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் முழுநேர மாணவர்கள் என்றால் வீடு கொடுக்கக் கூடாது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதே சட்டம்தான். விதிவிலக்குகள் சில உண்டு, அவளுடைய தாளில் அதில் ஒன்றும் இல்லை. கிடையாது என்று கடிதம் அனுப்பிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பழைய பச்சை லாரி வந்து நின்றது. உள்ளே நோரீன். மடியில் நோட்டு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தாள். மாணவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வேறு யாருக்கோ அந்த வீட்டைப் பதுக்கி வைத்திருக்கிறேன் என்பது அவள் கணக்கு. நானும் விடவில்லை. ஜன்னல் திரையை விலக்கி அவள் லாரி எண்ணைக் குறித்துக்கொண்டேன். இரண்டு நாள் இப்படியே போனது. அவள் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, என் காபி ஆறிப்போனதுதான் மிச்சம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு ரத்தம் கொதித்தது.

மூன்றாம் நாள், புதன்கிழமை, நேராக உள்ளே வந்தாள்.

“காலேஜ்ல விசாரிச்சேன். தனியா பிள்ள வளக்கறவங்களுக்குச் சட்டத்துல எடம் இருக்காமே. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. மேவிஸ். ஒம்பது வயசு.”

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். “போன வாரம் இல்லாத பொண்ணு இந்த வாரம் எங்கேருந்து வந்தா?”

“எங்கேருந்தும் வரல. ஐடஹோவுல எங்க அக்கா ஜோலீன் வீட்ல இருக்கா. நான் வேலைய விட்டதுலேருந்து, ரெண்டு வருஷமா.”

“அப்ப மனுவுல ஏன் போடல?”

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அவ இங்க இல்லியே. இல்லாதத எப்படி எழுதறது? கிடங்குல அலமாரியில என்ன இருக்கோ அததான் எழுதணும். நாளைக்கு லாரி வருது, பத்துப் பெட்டி வருதுன்னு யாராவது முன்கூட்டியே எழுதினா, அவன் சீருடையக் கழட்டிருவேன்.”

எத்தனையோ பொய்களைக் கேட்ட காது எனக்கு. இப்படி ஒரு பொய்யை யாரும் கற்பனை செய்ய முடியாது என்று தோன்றியது. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது. பெண் உங்களோடு வந்து இருக்கப் போகிறாள் என்று அக்காவிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்பதையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெறுங்கையோடு வந்தாள்.

“அக்கா தர மாட்டேங்கறா. வீட்டுச் சாவியக் காட்டு, பொண்ண அனுப்பறேங்கறா. நீங்க பொண்ணக் காட்டு, சாவி தரேங்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?”

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆறு மாதத்துக்குள் பெண் இங்கே குடிவருவாள் என்று அவளே உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டால் போதும். தாளை அவள் பக்கம் தள்ளினேன். படித்துவிட்டு என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“போட மாட்டேன்.”

“ஏன்? பொய்யா?”

“பொய்யில்ல. கண்ணு முன்னாடி இல்லாததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தடவ போட்டேன். எட்டு பைனாகுலர் இருக்குன்னு ஒரு அதிகாரி சொன்னார், எண்ணாமப் போட்டேன். ஏழுதான் இருந்துச்சு. பதவியக் கொறச்சு, தோள்ல இருந்த பட்டையில ஒண்ண அறுத்துட்டாங்க. அவ வரலேன்னா? அக்கா அனுப்பலேன்னா? பொய் சொல்லி வீடு வாங்கினவன்னு நாளைக்கு நீங்களே என்ன வெளிய தள்ளுவீங்க.”

தள்ளியிருப்பேன்தான்.

“இப்பவே போன் போடுங்க. நான் பேசறேன்” என்றேன்.

போட்டாள். ஜோலீன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனைப் பெண்ணிடம் கொடுத்தாள். நோரீன் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

“மேவிஸ், நான் இங்க வீட்டு ஆபீஸ்லேருந்து பேசறேன். நீ அம்மாவோட வந்து இருக்கப் போறியாம்மா?”

“நீங்க யாரு? அம்மாவோட ஃப்ரெண்டா?”

“இல்ல. உங்க அம்மாவுக்கு என்னக் கண்டாலே பிடிக்காது.”

“அப்பன்னா சொல்லுங்க. வீடு நெஜமாவே இருக்கா?”

“இருக்கு. ரெண்டாவது மாடியில.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அம்மா மூணு தடவ சொன்னாங்க, வீடு கெடைக்கப் போவுதுன்னு. மூணு தடவையும் நான் பைய எடுத்து வச்சேன். ஸ்கூல்லயும் போறேன்னு சொல்லிட்டேன். இனிமே வீட்டப் பாத்தாத்தான் நம்புவேன்.”

நோரீன் எனக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தாள். போனை அணைத்தேன். அவள் திரும்பவில்லை. என்னை அவள் சந்தேகப்படுவதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பெற்ற பெண்ணே இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

ஐந்து நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தாள். தாளை இழுத்தாள், மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். எக்ஸ்ரே பரீட்சைக்குக்கூட அப்படி வேர்த்திருக்காது அவளுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

நவம்பரில் வீடு கொடுத்தோம். சாவியின் படத்தை அனுப்பியும் ஜோலீன் நம்பாமல், தானே காரோட்டிக்கொண்டு வந்து எல்லா அறையையும் பார்த்தாள். பார்த்த பிறகுதான் மேவிஸைக் காரிலிருந்து இறங்கவிட்டாள். மெலிந்த பெண், அம்மாவின் தாடை. முதுகில் தன் உயரத்தில் பாதிக்கு ஒரு பை. மாடிக்குப் போகாமல் அலுவலகத்துக்குள் வந்து நின்றாள்.

“போன்ல பேசினது நீங்கதானா?”

“நான்தான்.”

“இந்த வீட்ட எங்ககிட்டேருந்து யாராவது புடுங்க முடியுமா?”

தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயை விட்டேன். “நீ இங்க இருக்கற வரைக்கும் பயமில்லம்மா. உன் பேரு இருக்கறதாலதான் வீடே கெடச்சுது.”

பெண் அம்மா பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் மனு மேஜையில் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், கண்ணாடியிலும் பார்க்கிறேன். ஒன்பது வயது முகத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அதுக்குத்தான் என்ன வரச் சொன்னியா? வீட்டுக்காகவா?”

என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது. நோரீன் என்னைப் பார்க்கவே இல்லை. பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“மொதல்ல போட்ட மனுவுல உன் பேரையே எழுதல மேவிஸ். உன் பேரு இருந்தாத்தான் வீடுன்னு அப்ப எனக்குத் தெரியவே தெரியாது. உனக்குன்னு ஒரு ரூம் மட்டும் கேட்டேன்.”

“என் பேர ஏன் எழுதல?”

“நீ என் பக்கத்துல இல்ல. அதனால எழுதல. அது தப்பு.”

மேவிஸ் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல.

“இப்ப இருக்கேன்ல. எழுது.”

“எங்க எழுதறது?”

கூடத்தில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகளைக் காட்டினாள். விதிப்படி அதில் குத்தகைக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் மேஜையிலிருந்து ஒட்டுத்தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். நோரீன் பெரிய எழுத்தில் மேவிஸ் ஹாஸ்கெட் என்று எழுதி, தன் பெயருக்கு மேலே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

மேவிஸ் கிட்டே போய் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். உரியவில்லை. இன்னொரு மூலையையும் சுரண்டிப் பார்த்தாள். பிறகு முதுகிலிருந்த பையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறினாள்.