முப்பத்தாறாவது படம்

கேமரா பையைத் திறந்தால் முதலில் வருவது வாசனைதான். தோலும் பாச்சை உருண்டையும் கலந்த நெடி. போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் தங்கச்சி வீட்டில் அதைத் திறந்தேன். தங்கச்சி மகள் காவேரி கேமராவை மாற்றப் போகிறாளாம். லென்ஸெல்லாம் இருக்கிறது, லென்ஸைப் பொருத்துகிற பாடி மட்டும் வேண்டும். கல்யாணம், பறவை, பயணம், வீட்டுப் பூனை, எல்லாவற்றுக்கும் ஒரே பாடி. கைபேசியில் இரண்டைக் காட்டி எது நல்லது என்று கேட்டாள். பிறகு சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தாள். அதில் அவள் அப்பா அவள் அம்மாவுக்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, இத எந்த பாடில எடுத்தீங்க?"

இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷமாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். 'என் கேமராவில் எடுத்தது' என்பேன். கேட்டவர்கள் என்னையே பாராட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. ஏன் என்று சொல்ல சவரியிடமிருந்து தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் சவரிமுத்துவும் சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தோம். அவன் மேசை என் மேசைக்கு முன்னால். இருவருக்கும் ஒரே பைத்தியம். அவன் கோயில், அதாவது மாதா கோயில், திருவிழா, பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை என்று எடுப்பான். நான் தைப்பூசம், கல்யாணம், படகு, குருவி என்று அகப்பட்டதையெல்லாம் எடுப்பேன். ஒருநாள் அவன் மோட்டார் வைத்த பாடி ஒன்றை வாங்கிவந்தான். விரலை அழுத்திப் பிடித்தால் போதும், இயந்திரத் தையல் மாதிரி வரிசையாகப் படம் ஓடும். அதோடு ஃபேரர் பார்க் திடலுக்குக் கால்பந்தாட்டம் பார்க்கப் போய், பந்து நெற்றியில் பட்டு விலகுகிற நொடியைப் பிடித்துவந்தான். பட்டறைக் கண்காட்சியில் அந்தப் படம் நடுச்சுவரில் தொங்கியது. என் படகுப் படத்தைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். போகிறவர்கள் எல்லாரும் அவசரத்தில் போனார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. அவன் வேலை செய்யும்போது பின்னந்தலையைப் பார்த்தாலே எரிந்தது. மோட்டார் இருந்தால் எவன்தான் எடுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சி கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கேமரா கடை இருந்தது. பக்கத்தில் மிளகாய் அரைக்கிற மில். கடைக்குள் நின்று எந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாலும் தும்மல் வரும். தவுக்கே சந்தைப் பேச்சு மலாயில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதிகமாக எதை எடுப்பாய் என்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியென்றால் நீ கொண்டுவந்த இந்தப் பழைய பாடியே போதும், சின்னது, சத்தமில்லாதது, உன் கைக்குப் பழகியது என்றார். நான் சவரி வைத்திருப்பது போன்ற மோட்டார் பாடியைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு அதை எடுத்து வைத்தார். பழையதை அவரிடமே கொடுத்துவிட்டு, செங்கல் கனத்தில் புதியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குவீன்ஸ்டவுன் வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாதே.

சவரியைக் கல்யாணத்துக்கு அழைத்தபோது, கேமரா கொண்டுவராதே, நான்தான் எடுக்கிறேன், நீ சாப்பிட வந்தால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

முகூர்த்த நேரம் வந்தது. ஐயர் விரலை உயர்த்தினார், கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததுமே நான் விரலை அழுத்திவிட்டேன். அழுத்தியவன் விடவே இல்லை. மோட்டார் ஓடும்போது கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் காட்சி பட்பட்டென்று மறைந்து மறைந்து தெரியும். திடீரென்று அது நின்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தங்கச்சி குனிந்தாள், மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டார், அட்சதை விழுந்தது. ஒன்றுவிடாமல் பார்த்தேன். என்ன அருமையான கேமரா என்று பூரித்துப் போனேன்.

மேளம் ஓய்ந்த பிறகுதான் கேமராவில் சத்தமே இல்லை என்பது தெரிந்தது. ஃபிலிம் சுருளின் முப்பத்தாறு படமும் முடிந்திருந்தது. தவிலும் நாயனமும் போட்ட போட்டில், மோட்டார் நின்றது எனக்குக் கேட்கவில்லை.

ஒரு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஃபிலிம் கழுவுகிற லேப்பில் தாமதம் என்று தங்கச்சியிடம் புளுகினேன். திங்கட்கிழமை சவரி என் மேசையில் ஒரு உறையை வைத்தான். உள்ளே ஒரே ஒரு படம். இரண்டாவது முடிச்சு, குனிந்த தங்கச்சியின் முகத்தில் பாதிச் சிரிப்பு.

"ஒண்ணுதான்டா எடுத்தேன். காலையில கோயில்ல புதுநன்மை, அப்படியே வந்துட்டேன், கேமரா கையில இருந்துச்சு. நீ வேணாம்னே. மனசு கேக்கல லா."

மோட்டார் பாடியிலா எடுத்தாய் என்று கேட்டேன். இல்லை, மாதா கோயில் பூசையில் மோட்டார் சத்தம் போடுகிறது என்று சாமியார் கோபித்துக்கொண்டாராம். அதனால் சத்தமில்லாத பாடி ஒன்று தேடியிருக்கிறான்.

"உன்னோடதுதான். தவுக்கே கண்ணாடி அலமாரில வச்சிருந்தாரு. கீறலப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

நான் கொடுத்த கேமராவின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. படத்தைத் தங்கச்சியிடம் கொடுத்து, என் கேமராவில் எடுத்தது என்றேன். பின்னால் ஒரு தீபாவளிக்குச் சவரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா அந்தப் படத்தைக் காட்டி, என் மகன் எடுத்தது என்று பெருமையடித்தாள். அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, நல்லா வந்திருக்கும்மா என்றான். அதற்கும் பொறாமைப்பட்டேன். என்னால் அப்படி ஒரு முறுக்கைக் கடித்திருக்க முடியாது.

"சவரி மாமா எடுத்தது," என்றேன் காவேரியிடம். அவளுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. அடுப்படியிலிருந்து வந்த தங்கச்சி, ஈரக்கையைத் துடைத்தபடி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மிளகாய் மில் இருந்த இடத்தில் இப்போது நகம் அழகுபடுத்துகிறார்கள், தவுக்கேயின் கடையில் கைபேசி உறை விற்கிறார்கள். சவரி இறந்துபோய் ஆறு வருஷமாகிறது. என் பழைய பாடி எங்கே போனது என்று அவன் வீட்டில் கேட்க எனக்கு முகமில்லை. மோட்டார் கேமரா மட்டும் இந்தப் பையில் கிடக்கிறது, அழுத்தினால் ஓடாது. கூடவே அந்தக் கல்யாண நெகடிவ். காவேரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கடைசிப் படத்தில் என்ன மாமா என்று கேட்டாள். மாப்பிள்ளையின் கை தாலியோடு பாதி வழியில் நிற்கிறது. அதற்கு மேல் என்னிடம் இல்லை.