இட்லிப் பானையில் பார்பகோவா

பானைக்குள் காசுச் சத்தம் நின்றதும் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. துபாய் ஓட்டல் கிச்சனில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். மெக்சிகன் செக்‌ஷன் என் பொறுப்பு. இப்போது ஊரோடு வந்து, வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்க ஆர்டர் எடுக்கிறேன். ஆனால் அன்று நின்றது வல்லத்திராக்கோட்டையில், செல்வமேரி டீச்சர் வீட்டுக் கொல்லையில், ஓர் இட்லிப் பானைக்கு முன்னால்.

டீச்சரின் மகள் அமெரிக்காவில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மெக்சிகோக்காரனைக் கட்டிக்கொண்டாள். அதோடு அவள் அப்பா சவரிமுத்து மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். இப்போது மருமகன் முதல்முறையாக வருகிறான். அவனோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட மட்டும் சவரிமுத்து சம்மதித்திருந்தார்.

"அண்ணே, அவுக ஊருச் சாப்பாடு ஒண்ணாச்சும் எலையில இருக்கணும். இன்னைக்குச் சொதப்புச்சுன்னா இவரு எந்திரிச்சுப் போயிருவாருங்க. அப்பறம் எம் புள்ள இந்தப் படிய மிதிக்காது" என்று கண்கலங்கினார் டீச்சர்.

நான் எடுத்துக்கொண்டது மெக்சிகோக்காரர்களின் ஆவிக்கறியான பார்பகோவா. பொறுமைச் சமையல். மாட்டுக்கறியைப் பெரிய துண்டுகளாக மிளகாய், பூண்டு, சீரக விழுதில் புரட்டி, வாழை இலையில் பொதிந்து, நார்நாராகப் பிரியும்வரை ஆவியில் விடவேண்டும். மூடியை மாவால் ஒட்டி சீல் பண்ணினால் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு இறங்கி நேரம் தள்ளிப்போகும். எங்கள் ஹெட் செஃப், ராமநாதபுரத்துக்காரர், இதில் ராட்சசன். "எட்டிப் பாக்குறதுக்கு இது என்ன தொட்டிலாடா?" என்று கத்துவார். துபாயில் ஸ்டீமருக்குத் தண்ணீர் தானாக வரும். இங்கே ஊற்றினதுதான் கணக்கு.

சீல் பண்ணும்முன் டீச்சர் அடித்தண்ணீரில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டார். "தண்ணி இருக்க வரைக்கும் கடகடன்னு ஆடும்ண்ணே. நின்னா வத்திப்போச்சுன்னு அர்த்தம்." இட்லி, கொழுக்கட்டை அவிக்கும்போது எங்கள் பக்கத்தில் செய்வதுதான்.

அந்தச் சத்தம்தான் நின்றது. அதே நேரம் வாசலில் கார் வந்தது.

திறந்தால் சாப்பாடு தாமதம். திறக்காவிட்டால் கறி கருகும். செஃப் குரல் காதில் விழ விழ, மாவை உடைத்தேன். அடி காய்ந்து, காசு ஒட்டிக் கிடந்தது. நல்லவேளை, இலை கருகவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, புது மாவு பூசினேன். காசு மறுபடி ஆட ஆரம்பித்தது. கறி வேக இன்னும் நேரம் பிடிக்கும்.

மகளும் மருமகனும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு சவரிமுத்து குரல் வந்தது. "சோறு ஆகலேன்னா சொல்லிருங்க. எனக்கு வயல்ல வேலை கெடக்கு." செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போகிற கொல்லை வழியாகவே வந்தார். டீச்சர் முகத்தில் ரத்தம் இல்லை.

அவருக்கு முன்பே மருமகன், வாசனை பிடித்துக்கொண்டு, மனைவியோடு அங்கே வந்திருந்தான். பானையருகே குனிந்து காது கொடுத்தவன், துள்ளிக்கொண்டு அவளிடம் ஏதோ சொன்னான்.

"இவுங்க அம்மாவும் பானைக்குள்ள காசு போடுவாங்களாம்ப்பா" என்றாள் மகள், பயந்துகொண்டே.

சவரிமுத்து நின்றார். "அங்கிட்டும் இட்லி அவிக்கிறாகளா?"

"இட்லி இல்லப்பா. மக்காச்சோள மாவுல, நம்ம கொழுக்கட்டை மாதிரி."

அவர் என் பக்கம் திரும்பினார். "கறி வேக நேரமாகுமோ?"

"கொஞ்சம் ஆகும்ங்க" என்றேன்.

"ஆகட்டும்." செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்புப் பக்கமாகவே உட்கார்ந்தார். மருமகனுக்கு ஒரு பலகையைத் தள்ளிப் போட்டார். பிறகு மகளிடம் கேட்டார்: "ஒம் மாமியா எப்படி, ஒன்னைய நல்லா வச்சுக்கிறாகளா?"

வீட்டு ஆர்டர் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சத்தம் நின்ற பானையைக் கண்டு பயப்படுங்கள், தப்பில்லை. அந்த நடுங்குகிற கையாலேயே திறந்தும் விடுங்கள். அடிப்பிடித்த பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் பயனில்லை.