மடிப்புக் கலையாத பை

கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்டிவிடும். கையில் எப்போதும் பிளாஸ்டிக் பை இருக்கும் என்பதால் அண்ணன் வைத்த பட்டப்பெயர் 'பை'.

அந்த வயிற்றுக்குத்தான் வேலை கிடைத்தது. ஓடும் காரில் குமட்டாதபடி, வண்டியோடு சேர்ந்து திரும்பும் படம் காட்டும் மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடியைக் கண்ணில் போட்டுப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதைச் செய்த பொறியாளர்களுக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. அவர்களுக்கு எந்தக் குறையும் பிடிபடவில்லை.

"கார் திரும்பின அப்புறம்தான் சார் படம் திரும்புது," என்றாள், பையை வாயருகே பிடித்தபடி.

"கம்ப்யூட்டர் சரின்னு சொல்லுதேம்மா."

"கம்ப்யூட்டருக்கு வயிறு இருக்கா சார்?"

அளந்து பார்த்தார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி தாமதம் இருந்தது. சரிசெய்தார்கள்.

மறுநாள் கண்ணாடியோடு மலைப்பாதையில் முப்பது வளைவுகள். இறங்கும்போது தலைமைப் பொறியாளரே கதவைத் திறந்துவிட்டார். அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், மடிப்புக் கலையாத பையை மேசைமேல் வைத்தாள்.

"இந்தாண்ணே, இதை நீயே வச்சுக்கோ. இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு."