சோலைபாடியின் சிவப்புச் சீட்டு

என் பெரியப்பா கண்டுபிடித்த ஒரு பறவையை இல்லாமல் ஆக்கியவன் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில், பாடம் செய்த பறவைகளைக் காப்பது அவர் வேலை. தெற்கே ஒரு தீவிலிருந்து அவர் கொண்டுவந்த சோலைபாடிப் பறவை தனி இனம் என்று எழுதி, பெயரும் வைத்திருந்தார். அந்த இனத்துக்கு உலகில் அந்த ஓர் உடல்தான் சாட்சி. அதன் காலில் சிவப்புச் சீட்டு. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் கிடந்த சாதாரணச் சோலைபாடிக்கு வெள்ளைச் சீட்டு. தீவுப் பறவையின் பாட்டைத் தினமும் சவரம் செய்யும்போது சீழ்க்கையடிப்பார்: மூன்று நீண்ட சுரம், கடைசியில் ஒரு விக்கல்.

ஒரு விடுமுறை நாளில், விதியை மீறி, கிட்வாய் நகர் வீட்டிலிருந்து என்னை அங்கே அழைத்துப்போனார். இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"டேய், எதையும் தொடாதே. ஜல்தியா வந்துடறேன்" என்று எதற்கோ வெளியே போனார்.

எல்லாப் பறவைகளும் மல்லாந்து கிடந்தன. கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. வெள்ளைச் சீட்டுப் பறவையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிவப்பு அதற்கு எப்படி இருக்கும் என்று இரண்டு சீட்டுகளையும் அவிழ்த்தேன்.

அப்போது செத்த பறவை பாடியது. மூன்று நீண்ட சுரம், ஒரு விக்கல்.

கைக்கு வந்த காலில் கைக்கு வந்த சீட்டைக் கட்டி இழுப்பறையைத் தள்ளினேன். நடைவழியிலிருந்து சீழ்க்கையடித்தபடி பெரியப்பா உள்ளே வந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு நிபுணர் வந்து, சிவப்புச் சீட்டுப் பறவையை அளந்து, இது சாதாரணச் சோலைபாடியேதான் என்று எழுதிவிட்டுப் போனார். பெரியப்பா வைத்த பெயர் நீக்கப்பட்டது. வீட்டில் சீழ்க்கை நின்றது.

"குக்கர்கூட சீட்டி அடிக்கறது, உங்களுக்கு என்ன வந்தது?" என்றாள் பெரியம்மா.

அவர் நான் ஷூ லேஸ் கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நான் ஒருவன்தான் இடது கைக்காரன். பள்ளிக்கு நேரமாகிறதென்று கோபம் போலும் என்று நினைத்தேன்.

அவர் இறந்து வெகுகாலம் கழித்து, சென்ற குளிர்காலத்தில்தான் எல்லாவற்றையும் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன். நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்; போனேன். இப்போது அந்தப் பறவைகளைக் காப்பவள் தில்லி ஜனக்புரியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், சிவப்புச் சீட்டுக்குப் பின்னாடி தமிழ்ல என்னவோ இருக்கு. எனக்குப் பேச வரும், படிக்க வராது."

பென்சிலில் பெரியப்பாவின் கையெழுத்து. படித்துக் காட்டினேன்: "சீட்டுகள் மாறியுள்ளன. முடிச்சு இடது கைக்காரனுடையது. குழந்தையைக் கேட்கவில்லை."

அவள் இரண்டு பறவைகளையும் அளந்தாள். "பேர் திரும்பக் கிடைக்கலாம் அங்கிள். ஆனா அந்தத் தீவுல இந்தப் பறவையோட குரல் இப்போ கேட்கறதே இல்லையாம். நீங்களே மாத்திக் கட்டிடுங்க."

கட்டினேன். அதே இடது கை முடிச்சு. கடைசி இழுப்பு இழுத்ததும் என்னையறியாமல் நடைவழிப் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன்.

"யாரைப் பார்க்கறீங்க அங்கிள்?" என்றாள்.