வரப்புக்குக் கீழே ஒரு விரிசல்

எங்கள் தோட்டத்தில் நீரோட்டம் பார்க்க வந்தவர், எதைச் சொல்வதற்கு முன்பும் உள்ளங்கைத் தேங்காயைத் துண்டால் ஒருமுறை துடைப்பார்.

"பூமி நெருக்குனா பாறை வளையும், இல்லீனா ஒடையும். ஒடைஞ்ச எடத்துலதானுங்க தண்ணி."

உள்ளங்கையில் படுக்க வைத்து அவர் நடந்தபோது தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டோம். வெறும் புழுதி பறந்தது. தேங்காயைத் துடைத்தார்.

"உங்களுக்கு வளைஞ்சிருச்சுங்க. ஒடைஞ்சது உங்க பங்காளி தோட்டத்துல."

என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, அதைக் கேள்விப்பட்டு அவரையே வைத்துப் போர் போட்டான். அங்கேயும் புழுதி. இருவரும் சேர்ந்து போய் அவரைப் பிடித்தோம். நிதானமாகத் தேங்காயைத் துடைத்தார்.

"சரியா வரப்புக்குக் கீழ ஒடைஞ்சிருக்குதுங்க. ரெண்டு பேருஞ் சேர்ந்து போட்டாத்தான் உண்டு."

பித்தலாட்டக்காரர் என்று ஊரெல்லாம் சொன்னோம். ஆனாலும் மற்றவன் வரப்பில் கடப்பாரை வைக்கிறானா என்று இன்றும் இருவருமே கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கிறோம்.