ஆரஞ்சு விளக்கு

கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. திரையில் யாரோ ஒரு நோயாளியின் கண்ணின் உட்புறம், செம்மண்ணில் ஓடும் வாய்க்கால்கள் மாதிரி ரத்தக்குழாய்களோடு விரிந்து கிடந்தது. சேமிக்கச் சொன்னதும் சின்ன வட்டம் சுற்றியது. அதோடு சரி. மவுஸை எப்படித் தள்ளினாலும் அம்பு அசையவில்லை.

"போச்சு," என்றாள் படம் எடுக்கும் பெண். "கம்ப்யூட்டர்லயே வச்சா ஒண்ணும் ஆகலண்ணே. உள்ரூம் பெட்டிக்கு அனுப்பினாத்தான் பொட்டுனு உசிரை விட்டுடுது."

வயர்க்காரர் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து திரும்பினார். காலடியில் இருந்த குப்பைக்கூடை உருண்டது. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று வீட்டில் மனைவி கேட்பாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

அந்தக் கண் மருத்துவமனையின் வயரெல்லாம் அவர் இழுத்தது. படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியை உள்ளறை அலமாரியில் வைத்ததும் அவர்தான். அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் படம் சாகாது. காலையில் வந்து கேபிளை மாற்றினார். கேபிளெல்லாம் வந்து சேரும் ஸ்விட்சை மாற்றினார். பெட்டியின் முன்னால் நின்று விளக்குகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை.

அவருடைய பயம் பெட்டியைப் பற்றியது அல்ல. கொஞ்ச நாளாகவே வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படி காணாமல் போகிறது. கறுப்பாகத் தெரிந்தால்கூட யாரிடமாவது சொல்லலாம். அப்படியும் இல்லை. தரை முழுசாகத்தான் தெரியும், அதில் படி மட்டும் இருக்காது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போனார். இத்தனை வருஷம் இங்கே வந்து போயும் வயர்க்காரர் கண்ணைப் படம் எடுக்கும் அந்தக் கேமராவின் முன்னால் மோவாயை வைத்ததில்லை.

டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "வெளிய சொட்டு போட்டுட்டு வரிசையா உக்காந்திருக்காங்க. ஆகுமா, ஆகாதா?"

"ஆகும் மேடம்."

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவர் உள்ளறைக்குப் போனார். அந்தப் பெண்ணும் பின்னால் வந்தாள்.

"இது எதுக்குண்ணே இப்படி மினுக்குது?"

"எது?"

"இதோ. கீழ. ஆரஞ்சு."

அவர் பார்த்தார். பச்சை, பச்சை, பச்சை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். தலையை நன்றாகத் தாழ்த்தியபோதுதான் அது எங்கிருந்தோ குதித்து வந்தது போல எதிரே நின்றது.

"எப்ப இருந்து?"

"நீங்க வந்தப்பவே மினுக்குச்சே. பெட்டி முன்னாடிதான் நின்னு பாத்துட்டிருந்தீங்க, தெரிஞ்சதுதான்னு நெனச்சேன்."

இரண்டாவது டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தது. வரும் படத்தை எழுத முடியாமல் அது திணற, பெட்டி அதற்காகக் காத்திருக்க, பெட்டிக்காகக் காத்திருந்து கம்ப்யூட்டரும் உறைந்துபோனது. பெட்டியை அணைத்து, அந்த டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றை டிஸ்க்கோடு பெட்டியை மறுபடி ஓடவிட்டார். அவ்வளவுதான் வேலை. அரை நாளாகத் தேடியது ஒரு சாண் தூரத்தில் மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு படம் எடுத்து அனுப்பிப் பாரும்மா."

"நோயாளிய வச்சு எடுத்து மறுபடி நின்னா டாக்டரம்மா என்னைத் தின்னுடுவாங்க. நீங்களே உக்காருங்க."

"என் கண்ணுல என்ன இருக்கு? தூக்கம்தான் இருக்கு."

"சரி, தூக்கத்தைப் படம் எடுக்கறேன். சும்மா வாங்கண்ணே."

மறுத்தால் ஏன் என்று கேட்பாள். உட்கார்ந்தார். மோவாயில் பிளாஸ்டிக் சில்லென்றது. வெளிச்சம் வெட்டியது. அடுத்த கண். வெளிச்சம். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

"முதல் கண்ணு இன்னொரு தடவை."

வெளிச்சம்.

அந்த மௌனம் அவருக்குத் தெரியும். குழந்தையின் படமெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று பழுதான டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களின் முன்னால் அவரே அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னம்மா?"

"நான் சொல்லக் கூடாதுண்ணே. டாக்டரம்மாதான் சொல்லணும்."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். நடுவில் மங்கலான மஞ்சள் வட்டம், அதற்குள் ஒரு வெளுத்த குழி. இதே திரையில் எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு பெரிய குழி இருந்ததாக ஞாபகம் இல்லை.

"என்ன பேர்ல போட?" என்றாள்.

"டெஸ்ட்னு போடு. சேந்ததும் அழிச்சிடு."

அவள் தட்டவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பெட்டியின் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இவள் கூட வராமல் இருந்திருந்தால் சாயங்காலம் வரை பச்சை பச்சை என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார். அடுத்த வீட்டில், அடுத்த ஆபீஸில், ஏணியின் மேல் நின்றபடி எதைப் பச்சை என்பார்?

"அழிச்சிடவாண்ணே?"

அவர் தன் முழுப் பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். "எங்கப்பாவுக்குக் கண்ணு போச்சும்மா, அதையும் போடு," என்றார்.

அவள் தட்டினாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை காலத்தில், உறைந்து போ என்று அவர் ஒரு மெஷினிடம் வேண்டிக்கொண்டது அன்றுதான். அது உறையவில்லை. படம் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் புது டிஸ்க்கோடு வந்தார். மனைவி பையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். டிஸ்க்கைப் போட்டுவிட்டு வெளியே வரிசையில் உட்கார்ந்தார். நர்ஸ் சொட்டு விட்டார். டாக்டரம்மா கூப்பிட்டு, கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு தேய்ந்ததுதான் அந்தக் குழி, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத் தினமும் மருந்து விட வேண்டும் என்றார். ஏணி வேண்டாம் என்றார். மதியம் அந்தப் பெண் வந்து பெட்டியில் எல்லாம் பச்சையாகிவிட்டது என்று சொன்னாள். சொட்டு விட்டதில் அவருக்குக் கண் இன்னும் கூசியது. போய்ப் பார்க்கவில்லை.