கதவில் ஏறிய படம்

விவசாயக் கூலிகள் சங்கத்துக் கொடியின் படத்தை எங்கள் கதவில் ஒட்டியது அப்பாதான். நீடாமங்கலத்துக் கூட்டத்தில் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த தாளைத் தண்ணீரில் நனைத்து, கதவில் குப்புற வைத்து அழுத்தி, தாளை மட்டும் உரித்தால் கொடி மரத்தில் தங்கிவிடும். எங்கள் தெருவில் தண்ணிப்படம் என்றார்கள். அடைமழைக்கு அழிந்துவிடக் கூடாதென்று அப்பா அதன் மேல் வார்னிஷும் பூசினார்.

கதவு எங்களுடையது, வீடு நின்ற மனை பண்ணையுடையது. அப்பாவும் அம்மாவும் அந்தப் பண்ணையில்தான் கூலி வேலை செய்தார்கள். குடியிருக்கிற மனை கூலிக்காரனுக்கே என்று சட்டம் வந்துவிட்டதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். பட்டா என்று எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை.

குறுவை அறுப்பு நேரம். பண்ணைக் காரியஸ்தர் வந்து வாசலில் நின்றார்.

“ஏண்டா, கதவுல என்னடா கோலம்?”

“சங்கத்துக் கொடிங்க.”

“பண்ணை மனையில சங்கமா? வெள்ளிக்கிழமை ஐயா களத்துக்கு வர்றாங்க. அதுக்குள்ள அது போயிருக்கணும். இல்லேன்னா நீ போயிருவே.”

அவர் தலை மறைந்ததும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “கொடி ஒட்டுனா சோறு வந்துருமா? சுரண்டி எடுங்க.”

அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. உறையை என்னிடம் நீட்டினார். வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். “தம்பி, என்ன போட்டிருக்கு? எடுக்கிற வழி இருக்கான்னு பாரு.”

அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: டெக்கால்.

கல்லூரி நூலகத்தின் தடித்த அகராதியில் தேடினேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஒட்டும் படம் என்று பொருள் போட்டிருந்தது. நீண்ட பிரெஞ்சுச் சொல்லொன்றின் சுருக்கம். படத்தைப் படியெடுப்பது என்று அர்த்தம். அதற்கும் பின்னால் லத்தீன் வேர்: குதிகாலால் மிதிப்பது. வேர் வரைக்கும் போய்விட்டேன். ஒட்டியதை எடுப்பது பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். “மிதிக்கிறதா? அப்ப இது நம்ம பண்ணை வார்த்தைதான்டா.”

அம்மா சிரிக்கவில்லை. “எடுக்கிறதுக்கு என்ன போட்டிருக்கு?”

“ஒண்ணும் போடலைம்மா.”

“பின்ன எதுக்கு அத்தாம் பெரிய புக்கு?”

மண்ணெண்ணெய்த் துணியோடு கதவின் முன்னால் உட்கார்ந்தாள். வார்னிஷ் இளகவில்லை. அரிவாள் முனையால் சுரண்டினாள். நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது, கூடவே மரமும். அடுப்புப் புகையில் கறுத்துப்போன கதவில் கொடியின் வடிவம் மட்டும் வெளுப்பாக நின்றது. முன்பு கிட்டே வந்தால்தான் தெரியும். இப்போது சாலையிலிருந்தே தெரிந்தது. அதன் மேல் சாணியை அப்பினாள். காய்ந்து விழுந்தது. மறுபடியும் அரிவாளை எடுத்தவளை அப்பா தடுத்தார்.

“விடு. இதுக்கு மேல சுரண்டுனா கதவே இருக்காது.”

வெள்ளிக்கிழமை காரியஸ்தர் ஆட்களோடு வந்தார்.

“எடுக்கச் சொன்னா பளிச்சுன்னு ஆக்கி வச்சிருக்கியா? நக்கலா?”

“எடுத்துட்டோங்க சாமி. அது தழும்புதாங்க,” என்றாள் அம்மா.

அவர் கையைக் காட்டினார். கூரையில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் அப்பாவோடு ஏர் ஓட்டுகிறவர், எங்கள் தெருக்காரர். கடைசிக் கீற்றைப் பிரிக்கும்வரை அவர் கீழே பார்க்கவேயில்லை.

அதே கீற்றைத் தெருவைத் தாண்டி வாய்க்கால் கரையில் சாய்த்துக் கட்டி ஒண்டினோம். அறுப்புக்கு ஆள் கூப்பிடுகிறவர் விடியற்காலையில் தெருவில் குரல் கொடுப்பது வழக்கம். மறுநாளும் கொடுத்தார். அப்பா முண்டாசு கட்டி, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் நின்றார். குரல் தெருவின் கடைசி வீடு வரைக்கும் வந்தது. அங்கேயே திரும்பிவிட்டது.